இருவர் அறையில் ஒருவர்

ஜூலை 3

பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பயண ஏஜென்சியிலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"சார், உங்க கேபின்ல மாசிலாமணி சார் பேரும் இருந்தது இல்லையா? அதை எடுக்கச் சொல்லிட்டார். உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

சொன்னார் என்றேன். அவர் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பால் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப நீங்க மட்டும்தான். அது ரெண்டு பேருக்கான ரூம் சார். ஒருத்தர் தங்கினாலும் ரெண்டு பேர் காசு கட்டணும்."

"நான் ஒரு கட்டில்லதானேம்மா படுப்பேன்?"

"எல்லாரும் இதைத்தான் சார் கேக்கறாங்க." சிரித்தாள். "கப்பல்காரங்க கட்டிலுக்கு வாடகை வாங்கறதில்ல. கதவுக்கு வாங்கறாங்க."

அவள் சொன்ன வழிகள்: மீதியையும் நானே கட்டுவது, வேறு ஆள் பிடிப்பது, பயணத்தை ரத்துசெய்வது. ரத்துசெய்தால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது. இரண்டாவது இடம் காலியாக இருந்தால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்புவரை அதே பெயரை மறுபடியும் சேர்க்கலாமா என்று கேட்டேன். சேர்க்கலாம் என்றாள்.

மாசிலாமணி என் சம்பந்தி. சம்பந்தியாக இருந்தவர் என்று எழுத வேண்டும். என் மகன் நவநீதனுக்கும் அவர் மகள் சுபாஷிணிக்கும் ஜூன் மாதம் கோர்ட்டில் தீர்ந்துவிட்டது. இரு தரப்பும் சம்மதித்து எழுதிக்கொடுத்ததால் இழுக்கவில்லை.

அடுப்பைத் துடைத்தேன். தீய்ந்த வாசனை இன்னும் போகவில்லை.

ஜூலை 4

கேஸ் சிலிண்டர் வந்தது. மாசிலாமணியைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். பிள்ளை வீட்டார் முதலில் கூப்பிட்டால் சமாதானம் பேச வருவதாக நினைப்பார்களோ. பெண் வீட்டார் கூப்பிடட்டும் என்று இருந்தால் திமிர் என்பார்களோ. கல்யாணத்துக்கு முறை உண்டு, சாவுக்கு உண்டு. இதற்கு என்ன முறை என்று யாரைக் கேட்பது?

கூப்பிடவில்லை.

ஜூலை 6

மைத்துனன் ஆவுடையப்பன் வந்திருந்தான். கப்பல் விஷயத்தைச் சொல்லி, கூட வருகிறாயா என்று கேட்டேன்.

"அத்தான், கப்பல்ல ஏறி வாந்தி எடுக்கதுக்கு நான் துட்டு குடுக்கணுமாக்கும்? எங்க வீட்லயே சும்மா எடுப்பேம்லா."

"உன் பங்கையும் நானே தர்றேன்."

"அப்பம் துட்டு குடுக்காம வாந்தி எடுக்கணும். அதுவும் வேண்டாம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அந்த மனுஷன் வரமாட்டேன்னு விலகிட்டாருல்லா. நீங்களும் விட்டுத் தொலைங்களேன். கெழட்டுப் பயலுவளுக்குக் கடல்ல என்ன சோலி?"

சீர்ப் பாத்திரம் எல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டான். அதில் என்மேல் ஒருவரும் குறை சொல்ல முடியாது. தீர்ப்பு வந்த மறுவாரமே குட்டியானை வண்டி பிடித்து அனுப்பிவிட்டேன். வெள்ளிக் குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, பித்தளை அண்டா, தேக்குக் கட்டில், சந்தனக் கிண்ணத்தோடு வந்த சின்னக் கரண்டி உட்பட. அந்த வீட்டிலிருந்து வந்த எதுவும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அலமாரி அலமாரியாகத் தேடினேன். கப்பல் மேல்தளத்தில் காற்று தூக்கிக்கொண்டு போகும் என்று மாசிலாமணி எனக்கொன்று தனக்கொன்றாக வாங்கிய துணித் தொப்பி, தாடையில் நாடா கட்டுவது, அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் துவைத்து மடித்து அண்டாவுக்குள் வைத்து அனுப்பினேன்.

ஆவுடையப்பன் தம்ளரைக் கீழே வைத்தான். "தொப்பியுமா அத்தான்?" என்றான். காப்பி ஆறிப்போகிறது என்றேன்.

ஜூலை 9

மீதிக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். ரத்துசெய்வதைவிடக் கட்டிவிடுவதே நஷ்டம் குறைவு. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 15

அயர்ன்காரர் ஊருக்குப் போயிருக்கிறார். நானே தேய்த்தேன்.

நடை போகும்போது மாசிலாமணி நினைவு. அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மாயவரத்துக்காரர். கல்யாணத்துக்குப் பிறகுதான் திருவான்மியூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துக்கொண்டு வந்தார். கோமதி போன பிறகு நான் யாரிடமும் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்த காலம் உண்டு. அவரும் மனைவியை இழந்தவர்தான், ஆனால் அவருக்கு அப்படி இருக்க வராது. கடற்கரையில் தினமும் என்னை இழுத்துக்கொண்டு நடப்பார். கப்பல் விளம்பரத்தை அவர்தான் பார்த்தார். போன நவம்பர்.

"சம்பந்தி, ஆயுசு பூரா தண்டவாளத்து மேலயே போயிட்டேன். தண்டவாளம் இல்லாத எடத்துல ஒரு தடவ போயிப் பாக்கணும்."

"எனக்குக் கடல் ஒத்துக்காதே."

"ஒத்துக்கலன்னா வாந்தி எடுங்க. நான் பக்கெட்டப் புடிக்கறேன். சம்பந்தி மரியாதைன்னா பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

அடுத்த மாதம் சுபா பூனாவிலிருந்து பெட்டியோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னிடம் இருந்த அவளுடைய சான்றிதழ்களை வாங்க ஒரு மாலை இங்கே வந்தாள். வாசலில் நின்று, "மாமா, நான் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்" என்றாள். ஆமாம்மா என்றேன். மழை பெய்தது. குடை கொடுத்தேன்.

அதிலிருந்து நடை தனித்தனி. அவர் நேரத்தை மாற்றிக்கொண்டாரா, நான் மாற்றிக்கொண்டேனா என்பது சரியாக நினைவில்லை. நான்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 22

நவநீதன் பேசினான். கப்பலை ரத்துசெய்யச் சொன்னான். தனியாகப் போகிறேன் என்றதும், "அந்த ஆள் வரலைல்ல? அப்ப சரி. அவர் மூஞ்சில நீங்க முழிக்கக் கூடாதுப்பா" என்றான். பிறகு அவனுடைய அலுவலகம் பற்றிச் சொன்னான். களைத்துப்போன குரல். சிறு வயதில் அவனுக்கு மூச்சு இளைக்கும். கோபம் வந்தால் இன்னும் அதிகமாகும். அதனால் அவனிடம் கோபம் வருகிற பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 5

தொலைபேசியில் மாசிலாமணியின் பெயரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் போட்டதை மறந்து, தொட்டி நிரம்பிக் கீழ்வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

ஆகஸ்ட் 11

பெயர் சேர்ப்பதற்கான கடைசி நாள். ஜெசிந்தாவிடம் யாராவது பேசினார்களா என்று கேட்டேன்.

"யார் சார்?"

"பொதுவாக் கேட்டேன்."

"இல்லையே சார்."

சரி என்றேன். இனி அந்த இடத்துக்கு யாரும் வர முடியாது. வாந்தி மாத்திரை வாங்கினேன்.

ஆகஸ்ட் 18, கப்பலில்

சென்னைத் துறைமுகத்தில் வரிசை நீளம். எல்லோரும் குடும்பம் குடும்பமாக. வரிசையில் ஒரு பெண்மணி, "உங்க ஆளுங்க பின்னாடி வர்றாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் பின்னால் பார்க்கத் தொடங்கியதும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அறை சிறியது, சுத்தமானது. இரண்டு கட்டில். இரண்டு துண்டு. இரண்டு தண்ணீர் பாட்டில். இரண்டு ஜோடி செருப்பு. எந்தக் கட்டில் என்று முடிவுசெய்ய எனக்கு நேரம் பிடித்தது. சன்னல் ஓரக் கட்டில் வசதியானது; அதனால் அதில் பையை வைக்காமல் மற்றதில் வைத்தேன். பிறகுதான், விட்டுக்கொடுப்பதற்கு ஆள் இல்லை என்று தோன்றியது. மாற்றவில்லை.

மாலையில் பாதுகாப்புப் பயிற்சி. எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச்சொல்லி ஆரஞ்சு நிறச் சட்டையை எப்படி மாட்டுவது என்று காட்டினார்கள். எதிர்ப்பக்க வரிசையில், கடைசியில், துணித் தொப்பியைத் தாடையில் கட்டிக்கொண்டு மாசிலாமணி நின்றிருந்தார்.

அவர்தான். கழுத்தைச் சாய்த்து நிற்பது அவர் வழக்கம். பக்கத்தில் யாரும் இல்லை. அவரும் தனியாக ஓர் அறை எடுத்து, இரண்டு பேர் காசு கட்டி வந்திருக்கிறார். ஆளுக்கொரு காலிக் கட்டிலோடு ஒரே கப்பலில் இருக்கிறோம்.

என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான்.

ஆகஸ்ட் 19, நடுக்கடல்

மாத்திரை வேலை செய்தது. குமட்டல் மட்டும்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு ஒதுக்கிய மேசையில் இரண்டு தட்டு. பரிமாறுபவர் தூத்துக்குடிக்காரர், ரீகன் என்று பெயர், காதோரம் நரைத்தவர்.

"அய்யா, கூட வந்தவங்க எங்க? தலை சுத்திப் படுத்துட்டாங்களோ?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"ரெண்டு பேருக்குன்னு போட்டுருக்கு. தட்டை எடுக்கவா, வேண்டாமா?"

"எது வழக்கம்?"

"வழக்கம்னு ஒண்ணும் இல்லய்யா. நீங்க சொல்லதுதான்."

இருக்கட்டும் என்றேன்.

மாசிலாமணி முதல் பந்தியில் வருகிறார். ஆகவே நான் இரண்டாம் பந்திக்கு மாற்றிக்கொண்டேன். அவர் மேல்தளத்தில் இடப்பக்கம் நடக்கிறார், நான் வலப்பக்கம். இப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டால் இறங்கும்வரை இருவருக்கும் தொந்தரவு இல்லை. பகல் முழுவதும் இது சரியாக நடந்தது. சாயங்காலம் அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் நெஞ்சை ஏதோ அடைத்தது. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போட மறந்திருக்கலாம். எண்ணிப் பார்த்தேன். போட்டிருக்கிறேன்.

வீட்டில் தனியாக இருப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. இங்கே ஒவ்வொரு கதவிலும் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 20, திருகோணமலை

இன்று எழுத நிறைய இருக்கிறது.

கப்பலிலிருந்து பேருந்தில் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். அவர் முன் இருக்கையில். பக்கத்து இடம் காலி. நான் கடைசியில். மலை ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறினார். நான் அவருக்குப் பின்னால் ஐந்தாறு ஆட்கள் தள்ளியே வந்தேன்.

அவர் ஓரமாக நின்றபோது தாண்டி, சன்னதிக்கு அவருக்கு வெகு முன்னால் வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்ததும் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். "நவநீதன், பூசம். சுபாஷிணி, உத்திரட்டாதி" என்றேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து எந்தக் கோயிலிலும் இப்படித்தான் சொல்கிறேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. குருக்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லி, தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும் என்று பூவைக் கையில் வைத்தார். திரும்பினால் எனக்கு நேர் பின்னால் மாசிலாமணி. கையில் அவருடைய சீட்டு.

அவர் குருக்களிடம் தன் சீட்டை நீட்டினார். "சுபாஷிணி, உத்திரட்டாதி" என்றார். குருக்கள், "இப்பத்தானே இந்தப் பேருக்குச் செய்தது?" என்று கேட்டார். "பரவாயில்லீங்க. இன்னொரு தடவ செய்யுங்க. தனியா" என்றார் மாசிலாமணி.

பேருந்தில் திரும்பும்வரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலை, கப்பல் புறப்பட்ட பிறகு, மேல்தளத்து வலப்பக்கப் பெஞ்சில் இருந்தேன். அவர் வந்து நின்றார்.

"உக்காரலாமா சார்?"

பெஞ்சு முழுவதும் காலிதான். இருந்தும் நகர்ந்து இடம் விட்டேன். 'சம்பந்தி' என்று அவர் கூப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 'சார்' என்றபோது வங்கிக் கவுன்ட்டரில் நிற்பதுபோல் இருந்தது.

"அவ நட்சத்திரத்த மறக்கல நீங்க."

"பழக்கம். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பென்ன. கோர்ட்டு பிரிச்சத நீங்க அர்ச்சனை பண்ணிச் சேத்துட்டீங்க. அந்தக் கோணேசரே கொஞ்சம் முழிச்சிருப்பாரு." சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எட்டு மாதம் இருக்கும். "ரூம்ல தனியாத்தான் இருக்கீங்களா?"

"ஆமா. ரெண்டு பேர் காசு."

"நானுந்தான். நாலு ஆளு காசு குடுத்து ரெண்டு கெழவன் வந்திருக்கோம். கப்பல் கம்பெனிக்காரன் நம்ம போட்டோவ மாட்டிக் கும்புடணும்."

"என் ரூம்ல இடம் இருந்துதே. கடைசி நாள் வரைக்கும் யார் பேரையும் சேக்கல."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டாவத் தொறந்தேன் சார். உள்ள தொப்பி இருக்கு. தொவச்சு மடிச்சு. அண்டாவும் வெளக்கும் எம் பொண்ணுக்குக் குடுத்தது, திரும்பி வந்துது, சரி. முறை. இந்தத் தொப்பிய நான் யாருக்குக் குடுத்தேன்?"

"நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னு..."

"யாரு சொல்லணும் அத? நான்தானே? எனக்குப் பயந்தா எனக்கே அனுப்புனீங்க?"

கடலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"தொப்பி போவட்டும். அத வச்சு ஒரு மாசம் உங்கள ஓட்டிட்டு மறுபடியும் தலையில மாட்டி விட்டுருப்பேன். அது இல்ல." குரல் மாறியது. "போன வருஷம் பொங்கலுக்கு வந்தப்பவே சுபா உங்ககிட்ட சொல்லியிருக்கா. காதுக்குப் பின்னாடி தையல் போட்ட எடத்தக் காமிச்சிருக்கா. எனக்கு டிசம்பர்லதான் தெரியும். நடுவுல எத்தன காலைல எம் பக்கத்துல நடந்திருப்பீங்க? எங்கிட்டேருந்து பொட்டுக்கடலை வாங்கித் தின்னுக்கிட்டு. பூனா போயிட்டு வந்தீங்களே, எம் பொண்ணு எப்படி இருக்கான்னு உங்களத்தானே கேட்டேன். நல்லா இருக்கான்னீங்க."

சொல்ல வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு. ஏற்ற நாள் அமையவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. புதுத் தம்பதிகள், சரியாகிவிடும் என்றும் ஒரு எண்ணம் இருந்தது. நவநீதனிடம் கேட்டால் அவனுக்கு மூச்சு இளைக்கும். இவற்றில் ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாக்குபோல் இருக்கும் என்று தோன்றியது. எழுதிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

"அவன் அடிச்சதுக்குக்கூட அவ இவ்வளவு அழல சார். 'மாமாவுக்குத் தெரியும்ப்பா, மாமா ஒண்ணுமே கேக்கல'ன்னுதான் அழுவுறா. அவளுக்கு அம்மா கெடையாது. உங்களத்தான் பெரிசா நெனச்சிருந்தா."

"நான் என்ன செய்யணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க பையன்கிட்ட ஒரே ஒரு தடவ, 'நீ அந்தப் பொண்ண அடிச்சது தப்புடா'ன்னு சொல்லுங்க. அவன் பதிலே சொல்ல வேணாம். நீங்க கேட்டீங்கன்னு நான் அவகிட்டப் போயிச் சொல்லணும். அது போதும் அவளுக்கு. எனக்கும் அது போதும். எறங்குன மறுநாள் காலைலேருந்து பழையபடி நடப்போம்."

"சொல்றேன்."

"எப்ப?"

"கரை வந்ததும். இங்க சிக்னல் இல்லையே."

"நான் பக்கத்துலயே நிக்கறேன். ஒங்களுக்கு ஒதறுனா போனப் புடிச்சுக்கறேன்." எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "டாக்ஸி ஒண்ணா எடுத்துக்குவோம். அதுலயாவது ஒருத்தனுக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே காசுங்கறது நமக்கு லாபமா இருக்கட்டும்."

ஆகஸ்ட் 21, நடுக்கடல்

காலை அவர் என் மேசைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். ரீகன் இரண்டு தட்டிலும் இட்லி வைத்துவிட்டு, "இந்தத் தட்டுக்கு இன்னைக்குத்தான்யா வேலை வந்துருக்கு" என்றார்.

"இட்லியா இது? எங்க லைன்ல சிலிப்பர் கட்டைக்குப் பதிலாப் போடலாம்" என்றார் மாசிலாமணி.

"ஒமக்குத் தோசை ஊத்தித் தரச் சொல்லுதேன். அதை என்னன்னு சொல்லுதீரோ பாப்போம்" என்றார் ரீகன்.

நான் நன்றாகச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு.

பகலில் அறையில் உட்கார்ந்து, நவநீதனிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். வகுப்புக்குப் போவதற்கு முன்பும் முதல் வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்வேன். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியும் அது இல்லாமல் வாய் திறக்க வந்ததில்லை.

'நவநீதா, நீ சுபாவை அடித்தது தப்பு.'

'அடித்தது' என்பது கடுமை. 'கைநீட்டியது' என்று மாற்றினேன். எடுத்த எடுப்பில் 'நீ' என்று ஆரம்பித்தால் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கும். 'சுபா விஷயத்தில் நடந்தது தப்பு.' தப்பு என்று ஒரேயடியாகச் சொல்வதா? 'சுபா விஷயத்தில் நடந்தது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.' இது நாகரிகமாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். யார் எதைச் செய்தார்கள் என்பதே இதில் இல்லை. முதல் வாக்கியத்துக்கே திரும்பினேன். அதை அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். குரல் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது.

மாலை அவரிடம், தயாராக இருக்கிறேன் என்றேன். "பரீட்சைக்கா?" என்றார். பொட்டுக்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

ஆகஸ்ட் 22, சென்னை

காலையில் கரை வந்தோம். வாயிலுக்கு வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாசிலாமணி தன் தொலைபேசியில் டாக்ஸி பதிவுசெய்தார். எனக்கு அது வராது. வண்டி வரும்வரை என் பையையும் தன் பையையும் அவரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்புடறீங்களா? இல்ல, வீட்டுக்குப் போயா?"

"இப்பவே" என்றேன். உள்ளபடியே அப்படித்தான் நினைத்தேன். பெயரைத் தேடுவதற்குள் நவநீதனே கூப்பிட்டுவிட்டான். ஒலிபெருக்கியை நான் போடவில்லை. ஆனால் அவன் குரல் எப்போதும் உரக்கத்தான் கேட்கும்.

"இறங்கியாச்சாப்பா? நாலு நாளா லைன் கிடைக்கல, பயந்துட்டேன்."

"இறங்கியாச்சு."

"வாந்தி எடுத்தீங்களா?"

"இல்ல."

"தனியா போரடிக்கலையா? யாராவது பேச்சுத்துணைக்குக் கிடைச்சாங்களா?"

முதல் வாக்கியம் எனக்கு முழுவதும் நினைவில் இருந்தது. ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. மாசிலாமணி என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. நவநீதன், "அப்பா?" என்றான். பயந்துட்டேன் என்று அவன் சொன்ன குரல் சிறு பையன் குரலாக இருந்தது.

"இல்லப்பா" என்றேன். "யாரும் இல்ல. தனியாத்தான் இருந்தேன்."

"நல்லதுதான். அந்த ஆள் வந்திருந்தா உங்களுக்குத்தான் டென்ஷன்."

"ஆமா" என்றேன்.

வண்டி வந்து நின்றது. மாசிலாமணி தன் பையை உள்ளே வைத்தார். என் பையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் பார்த்தார். நடைபாதையில் ஈரம் படாத இடமாகத் தேடி, அங்கே நேராக நிமிர்த்தி வைத்தார், சாயாமல்.

"நீங்க பேசிட்டு வாங்க சார்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நவநீதன் அதன் பிறகும் வெகுநேரம் பேசினான். பூனாவில் புதுவீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்ஸி ஓட்டுநர்கள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் அதற்கும் காசு சேரும். அவர் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு ஒரு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 23

துணி துவைத்தேன். நடைக்குப் போகவில்லை.

நவநீதன் மறுபடியும் கூப்பிட்டான். கப்பலில் சாப்பாடு எப்படி என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றேன்.